மார்வின் கே: பத்தாண்டு காத்திருந்த டேப்புகள்



இந்தக் காலாண்டுக்கு ஒரு அமெரிக்கப் பாடகரை எடுத்துக்கொண்டேன். பெயர் மார்வின் கே. ஆங்கிலப் பாட்டு கேட்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ‘ஐ ஹேர்ட் இட் த்ரூ த கிரேப்வைன்’, ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்று இரண்டு பாட்டின் பெயரைச் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசையில் 1960களிலும் 70களிலும் முதல் வரிசையில் இருந்தவர். அவரை உலகமே கொண்டாடிய பாட்டுகளைப் பற்றி இணையத்தில் நிறையக் கிடைக்கும். நான் சொல்ல வந்தது, யாரும் அதிகம் வாங்காத பாட்டுகளைப் பாட வேண்டும் என்று அவர் வாழ்நாள் முழுக்கப் பட்ட ஆசையைப் பற்றி.

அந்தப் பாட்டுகளுக்கு அமெரிக்காவில் ‘ஸ்டாண்டர்ட்ஸ்’ என்று பெயர். பிராட்வே நாடகங்களுக்கும் சினிமாவுக்கும் எழுதப்பட்டு, நாடகமும் சினிமாவும் மறந்த பிறகும் நிலைத்துவிட்ட காதல் பாட்டுகள். ஒரே பாட்டை ஐம்பது பேர் பாடியிருப்பார்கள். யார் எப்படிப் பாடினார் என்பதுதான் பேச்சாக இருக்கும். பின்னால் வயலின்கள் வரிசையாக அமர்ந்த பெரிய ஆர்கெஸ்ட்ரா. பாடகர் நல்ல கோட்டு சூட்டுப் போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, ஆடாமல் அசையாமல் பாடுவார். ஃபிராங்க் சினாட்ராவும் நாட் கிங் கோலும் இதில் மன்னர்கள். ரிதம் அண்ட் ப்ளூஸ் இதற்கு நேர் எதிர். கைதட்டு, டிரம்ஸ், ஆட்டம், வியர்வை. மார்வின் கே இரண்டாவதில் சம்பாதித்தார், முதலாவதற்காக ஏங்கினார்.

1939 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்தார். அப்பா பெயரும் மார்வின்தான். ஒரு சிறிய பெந்தெகொஸ்தே சபையில் போதகர். சனிக்கிழமையை ஓய்வு நாளாகக் கடைப்பிடித்த சபை அது. வீட்டில் சட்டதிட்டம் அதிகம், வரும்படி குறைவு. அம்மா ஆல்பர்ட்டா பிறர் வீடுகளில் வேலை செய்து குடும்பத்தை ஓட்டினார். அப்பா பிள்ளைகளை அடிப்பார், அதிகம் வாங்கியது மார்வின். சபையில் சின்ன வயதிலேயே பாட ஆரம்பித்துவிட்ட பையனுக்கு, அப்பாவிடமிருந்து தப்பிக்கும் இடமும் பாட்டு, அப்பாவின் முன்னால் நிற்க வேண்டிய இடமும் பாட்டு. குடும்பப் பெயரின் முடிவில் பிற்பாடு ஓர் ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். சாம் குக் என்ற பெரிய பாடகரும் அப்படிச் செய்திருந்தார். அப்பாவின் பெயரிலிருந்து ஓர் எழுத்தாவது தள்ளி நிற்கலாம் என்பதும் ஒரு காரணம் என்பார்கள்.

பள்ளியை முடிக்காமல் 1956-இல் விமானப்படையில் சேர்ந்தார். கட்டளைக்குக் கீழ்ப்படிவது அவருக்கு ஒத்துவரவில்லை, அடுத்த வருடமே வெளியே வந்துவிட்டார். நண்பர்களுடன் ஒரு பாட்டுக் குழு. அது ஹார்வி ஃபுக்வா என்ற அனுபவசாலியின் கண்ணில் பட்டு, ‘மூன்க்ளோஸ்’ என்ற பெயர்பெற்ற குழுவின் புது அவதாரமாக மாறியது. குழு கலைந்ததும் ஃபுக்வா அவரை டெட்ராய்ட் நகருக்கு அழைத்துப் போனார்.

டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். அங்கே பெர்ரி கார்டி என்ற இளைஞர் 1959-இல் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி ஓர் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியிருந்தார். அதுதான் மோட்டவுன். ஒரு சாதாரண வீட்டை ஸ்டூடியோவாக்கி வேலை நடந்தது. (வங்கியில் கணக்கெழுதியவனுக்கு இந்த 800 டாலர் மறக்காது. கடனாகக் கொடுத்த தொகைகளில் இதைப்போல் பலன் தந்தவை குறைவு.) கார்டி ஒரு காலத்தில் கார் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஒருவர் பாட்டெழுத, ஒருவர் மெட்டமைக்க, ஒருவர் நடை உடை சொல்லித்தர, கடைசியில் பளபளவென்று பாடகர் வெளியே வர வேண்டும் என்பது அவர் திட்டம். விற்பனை இலக்கு இளைஞர்கள், கறுப்பர் வெள்ளையர் இருவரும்.

அந்த இடத்தில் போய் மார்வின் கே, நான் சினாட்ரா மாதிரி பாட வேண்டும் என்றார்.

கார்டிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் இடம் கொடுத்தார். 1961 ஜூன் மாதம் ‘த சோல்ஃபுல் மூட்ஸ் ஆஃப் மார்வின் கே’ என்ற முதல் ஆல்பம் வந்தது. ‘மை ஃபன்னி வேலண்டைன்’ போன்ற பழைய பாட்டுகள்தான் அதில் பெரும்பகுதி. பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு அப்போது காசில்லை, சின்ன ஜாஸ் குழுதான். ஆல்பம் விற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்கு மோட்டவுனின் மற்றப் பாடகர்களுக்கு டிரம்ஸ் வாசித்தார். மார்வெலெட்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்’ பாட்டில் கேட்கிற டிரம்ஸ் அவருடையது. அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அவருடைய சொந்த ஆல்பம் எந்தப் பட்டியலிலும் இல்லை.

1962-இல் வழிக்கு வந்தார். ‘ஸ்டபர்ன் கைண்ட் ஆஃப் ஃபெல்லோ’ என்று ஒரு ஆட்டப்பாட்டு. பிடிவாதக்காரன் என்று பொருள், பொருத்தமான தலைப்புதான். அது ஓடியது. அடுத்து ‘ஹிட்ச் ஹைக்’, ‘பிரைட் அண்ட் ஜாய்’, ‘ஹவ் ஸ்வீட் இட் இஸ்’ என்று வரிசையாக வெற்றி. இதற்கிடையே கார்டியின் அக்கா ஆன்னாவைத் திருமணம் செய்துகொண்டார். ஆன்னா அவரைவிட 17 வயது மூத்தவர். ஆக முதலாளியே மைத்துனராகிவிட்டார். சம்பளம் கொடுப்பவரும் பெண் கொடுத்த வீட்டாரும் ஒருவராக இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

வெற்றிப் பாட்டுகளில் வந்த மரியாதையை அவர் செலவழித்த விதம்தான் எனக்கு வியப்பு. 1964-இல் மீண்டும் ஆர்கெஸ்ட்ராவோடு ‘வென் ஐம் அலோன் ஐ க்ரை’, அதே வருடம் நாடகப் பாட்டுகளாக ‘ஹலோ பிராட்வே’. இரண்டும் படுத்தன. 1965 பிப்ரவரியில் நாட் கிங் கோல் புற்றுநோயில் இறந்தார். அந்த வருடமே அவருக்கு அஞ்சலியாக முழு ஆல்பம் பாடி வெளியிட்டார். அதையும் யாரும் வாங்கவில்லை. இதே 1965-இல்தான் ‘ஐல் பி டாக்கான்’, ‘ஏன்ட் தட் பெக்யூலியர்’ இரண்டும் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடம் பெற்றன. ஒரு கையில் சம்பாதித்து மறு கையில் கரைத்தார்.

அந்த நாளில் ஒரு கறுப்பினப் பாடகருக்கு ஸ்டாண்டர்ட்ஸ் பாடுவதில் இசையோடு வேறு விஷயமும் கலந்திருந்தது. ரிதம் அண்ட் ப்ளூஸ் பாடகர் என்றால் தனிப் பட்டியல், தனி வானொலி, இரவு முழுக்க பஸ்ஸில் பயணம். ஆர்கெஸ்ட்ராவோடு பாடுபவருக்குப் பெரிய ஹோட்டல், தொலைக்காட்சி, நீண்டகால வருமானம். அந்தக் கதவைத் திறந்த நாட் கிங் கோலுக்கே 1956-இல் கிடைத்த தொலைக்காட்சி நிகழ்ச்சி, தேசிய அளவில் விளம்பரதாரர் கிடைக்காமல் அடுத்த வருடம் நின்றுபோனது. 1959-இல் டைனா வாஷிங்டனும் ரே சார்ல்ஸும் வயலின்களோடு பாடி, ப்ளூஸ் குரல் இதற்கும் பொருந்தும் என்று காட்டியிருந்தார்கள். எனவே மார்வின் கே ஆசைப்பட்டது நடக்காத காரியம் இல்லை. அவருக்கு மட்டும் ஏன் நடக்கவில்லை?

அந்த முதல் ஆல்பங்களை நான் கேட்டிருக்கிறேன். குரல் நன்றாக இருக்கிறது, சுருதி சுத்தம், உச்சரிப்பு சுத்தம். ஆனால் ஒரு நல்ல மாணவன் ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. கோல் இப்படிப் பாடினார், நானும் பாடுகிறேன் என்கிற பணிவுதான் கேட்கிறது. அவருடைய சொந்த வெற்றிப் பாட்டுகளில் உள்ள சூடு இங்கே இல்லை. வாங்காதவர்களைக் குறை சொல்ல முடியாது.

1966-இல் நியூயார்க்கின் கோபகபானா கிளப்பில் அவருக்கு வாய்ப்பு வந்தது. கோட்டு சூட்டுக்காரர்கள் வரும் இடம். பெரிய கிளப்புகளில் பாடும் கனவு அருகே வந்துவிட்ட அந்தக் காலகட்டத்தில்தான் பாபி ஸ்காட் வருகிறார். ஸ்காட் பியானோ கலைஞர், ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ பாட்டுக்கு இசையமைத்தவர். அவரிடம் மெதுவான காதல் பாட்டுகள் சிலவற்றுக்கு ஆர்கெஸ்ட்ரா அமைத்துத் தரும்படி கேட்டார். வழக்கமான இனிப்பு வயலின் கிடையாது. மிக மெதுவான நடை, இருண்ட சுரக்கோவைகள், பாடகர் எங்கே நுழைவது என்று யோசிக்க வைக்கும் இடைவெளிகள். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஓடுவது போன்ற வேலைப்பாடு. ஆர்கெஸ்ட்ரா வாசித்து முடித்து டேப்பில் பதிவானது. மார்வின் கே அதன்மேல் பாடிப் பார்த்தார். திருப்தி வரவில்லை. மீண்டும் பாடினார். இந்தப் பாட்டுகளுக்கு வேண்டிய ஆழம் தன்னிடம் இன்னும் சேரவில்லை என்று அவருக்கே பட்டது. டேப்புகளை எடுத்து வைத்துவிட்டார்.

வியாபாரத்தில் இருப்பவர்கள் செய்யாத காரியம் இது. ஆர்கெஸ்ட்ராவுக்குப் பணம் கொடுத்தாகிவிட்டது, குரலும் பதிவாகிவிட்டது. அப்படியே வெளியிட்டிருக்கலாம்.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவரோடு ஜோடியாகப் பாடிப் புகழ்பெற்ற டாமி டெரல் 1967-இல் மேடையிலேயே அவர் கைகளில் மயங்கி விழுந்தார். மூளையில் கட்டி. 1970 மார்ச்சில் 24 வயதில் டாமி இறந்தார். இந்த இடைவெளியில்தான் 1968-இல் ‘கிரேப்வைன்’ ஏழு வாரம் முதலிடத்தில் இருந்து, மோட்டவுனின் அதுவரையிலான மாபெரும் வெற்றிகளில் ஒன்றானது. மார்வின் கே அதைக் கொண்டாடும் மனநிலையில் இல்லை. மேடையை விட்டு விலகி வீட்டில் முடங்கினார்.

தம்பி ஃபிராங்கி வியட்நாம் போரிலிருந்து திரும்பி வந்து சொன்ன கதைகள் அவரை உலுக்கின. அதிலிருந்து பிறந்தது ‘வாட்ஸ் கோயிங் ஆன்’. போர், வேலையின்மை, போலீஸ் அடி இதெல்லாம் பாட்டில் எதற்கு, விற்காது என்று கார்டி மறுத்தார். வெளியிடாவிட்டால் வேறெதுவும் பாட மாட்டேன் என்று இவர் உட்கார்ந்துவிட்டார். 1971-இல் வெளியானது, பிரமாதமாக விற்றது. நமக்கு வேண்டிய செய்தி இதில் ஒன்று உண்டு. ஒரே பாட்டை அவர் இரண்டு விதமாகப் பாடிய பதிவுகளை ஒலிப்பதிவாளர் தற்செயலாக ஒரே நேரத்தில் ஓடவிட்டார். இரண்டு மார்வின்கள் சேர்ந்து பாடுவது போலக் கேட்டது. அவருக்கு அது பிடித்துப்போய், அதையே தன் முறையாக்கிக்கொண்டார். தன் மென்மையான குரல், கரகரத்த சபைக் குரல், மேலே எழும்பும் மெல்லிய கள்ளக்குரல், மூன்றையும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வைத்தார். பின்னணியில் டெட்ராய்ட் சிம்பொனிக் கலைஞர்களின் வயலின்கள். ஆர்கெஸ்ட்ராவோடு தன் சொந்தக் குரலில் பாட அங்கேதான் கற்றுக்கொண்டார் என்பது என் எண்ணம். சினாட்ராவைப் பார்த்துப் பாடியபோது வராதது, தன் தம்பியின் கதையைப் பாடியபோது வந்தது.

அதன்பின் புகழ், பணம், போதைப்பொருள் மூன்றும் அதிகமாயின. ஆன்னாவுடனான வாழ்க்கை முறிந்து 1977-இல் விவாகரத்து. ஜீவனாம்சம் கொடுக்கக் கையில் ரொக்கம் இல்லை. அடுத்து வரப்போகும் ஆல்பத்தின் ராயல்டியை ஆன்னாவுக்கு எழுதிக்கொடுப்பதென்று முடிவானது. முன்பணம் 3,05,000 டாலர், விற்பனையிலிருந்து 2,95,000 டாலர், ஆக மொத்தம் 6 லட்சம் டாலர். இன்னும் பாடாத பாட்டின் மேல் கடன் அடைப்பது! எந்த மானேஜரும் இப்படி ஒரு ஈட்டை ஏற்றிருப்பாரா தெரியாது. அந்த ஆல்பத்தில் அவர் தன் கல்யாணக் கதையையே பாடி, ‘ஹியர், மை டியர்’ என்று தலைப்பு வைத்தார். 1977-இலேயே ஜேனிஸை மணந்தார். இரண்டு வருடத்துக்குள் அதுவும் பிரிவில் முடிந்தது. வரிப் பாக்கி வேறு மலையாக ஏறியிருந்தது.

இந்த நிலைமையில், 1970களின் கடைசியில், அந்தப் பழைய டேப்புகளை எடுத்தார்.

ஆர்கெஸ்ட்ரா அப்படியே இருந்தது. பத்து வருடத்துக்கு முந்தைய வயலின்கள், அதே மெதுவான நடை. அதை அவரால் மாற்ற முடியாது. பழைய குரலை ஒதுக்கிவிட்டுப் புதிதாகப் பாடினார். ஒரு பாட்டைப் பலமுறை, பல இரவுகள். ஏழு பாட்டுகள் அவர் மனதுக்கு ஏற்றபடி அமைந்தன. ‘சாண்ட்பைப்பர்’ படத்துக்காக ஜானி மாண்டல் இசையமைத்து ஆஸ்கர் பெற்ற ‘த ஷேடோ ஆஃப் யுவர் ஸ்மைல்’ ஒன்று. மூன்றே காட்சிகளோடு மூடப்பட்ட ‘த இயர்லிங்’ நாடகத்திலிருந்து ‘வை டிட் ஐ சூஸ் யூ’ ஒன்று. நாட் கிங் கோல் பாடிய பாட்டுகள் இரண்டு. அவற்றில் பல கைவிட்டுப்போன காதலைப் பற்றியவை. இருபதுகளில் அவற்றைப் பாடியபோது அவருக்குக் கைவிட்டுப்போனது எதுவுமில்லை. இப்போது இரண்டு திருமணங்கள், டாமி, வீடு, பணம் எல்லாம் போயிருந்தன.

பதிவைக் கேட்டால் மாற்றம் புரியும். சுத்தமாக நேர்கோட்டில் பாடிய இளைஞர் இல்லை. மெட்டைத் தொட்டுவிட்டு விலகுகிறார், வரி முடிந்த பிறகும் சொல்லை விடாமல் முனகுகிறார், பின்னாலிருந்து அவருடைய இன்னொரு குரலே அவருக்கு ஆறுதல் சொல்கிறது. சபையில் அப்பாவின் முன்னால் பாடிய பாணியும் டெட்ராய்ட்டில் கற்ற தாளமும் வயலின்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துவிட்டன. கோலைப் போலப் பாடும் முயற்சியை விட்டுவிட்டார்.

இதை ஆல்பமாக வெளியிடும் எண்ணம் 1979-இல் இருந்தது, நடக்கவில்லை. அப்போது டிஸ்கோ காலம், மெதுவான காதல் பாட்டுக்கு யார் வருவார்கள் என்று நிறுவனங்கள் நினைத்திருக்கும். அவருடைய நிலைமையும் சீராக இல்லை. வரித்துறைக்குப் பயந்து ஐரோப்பா போனவர், 1981-இல் பெல்ஜியத்தின் ஆஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் ஒதுங்கினார். அங்கே உடம்பைத் தேற்றிக்கொண்டார், மோட்டவுனை விட்டு விலகினார், 1982-இல் ‘செக்ஷுவல் ஹீலிங்’ பாடி மீண்டு வந்தார். தலைப்பைப் பார்த்து நம் சங்கச் செயலாளர் முகம் சுளிக்க வேண்டாம், அதற்குத்தான் அவருக்கு முதன்முதலாக கிராமி விருது கிடைத்தது.

1983 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே கூடைப்பந்துப் பெருவிழாவில் அமெரிக்க தேசிய கீதம் பாடினார். எல்லோரும் ஒரே மாதிரி விறைப்பாகப் பாடும் பாட்டு. இவர் எளிய தாள இயந்திரம் ஒன்றைப் பின்னணியில் ஓடவிட்டு, தன் போக்கில் குழைத்துப் பாடினார். முதலில் திகைத்த கூட்டம் பாதியிலிருந்து கைதட்டித் தாளம் போட ஆரம்பித்தது. அந்தக் காணொளியை அவசியம் பாருங்கள். உலகறிந்த ஒரு பழைய பாட்டைத் தனதாக்கிக்கொள்ளும் வித்தையை அவர் கடைசியில் எந்த அளவுக்குக் கைவரப் பெற்றிருந்தார் என்று தெரியும்.

கடைசிச் சுற்றுப்பயணம் முடிந்து, உடலும் மனமும் சோர்ந்து, லாஸ் ஏஞ்சலிஸில் பெற்றோருக்குத் தான் வாங்கிக் கொடுத்த வீட்டுக்கே வந்து சேர்ந்தார். போதைப்பழக்கம் திரும்பியிருந்தது. தன்னை யாரோ கொல்லப் பார்க்கிறார்கள் என்ற பயமும் பிடித்துக்கொண்டது. 1983 கிறிஸ்துமஸுக்கு அப்பாவுக்கு ஒரு துப்பாக்கி வாங்கிக் கொடுத்தார். 1984 ஏப்ரல் 1. காணாமற்போன ஒரு இன்ஷூரன்ஸ் கடிதத்துக்காக அப்பா அம்மாவிடம் சத்தம் போட்டிருந்தார். மகன் குறுக்கே வந்தார், கைகலப்பானது. அதே துப்பாக்கியால் அப்பா மகனைச் சுட்டார். மறுநாள் மார்வின் கே-க்கு 45 வயது நிறைந்திருக்கும். கொலைக் குற்றமாக இல்லாமல் அதற்குக் கீழ்ப்பட்ட குற்றமாக வழக்கு முடிந்தது. ஆறு வருடத் தண்டனையை நிறுத்திவைத்து, ஐந்து வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். அப்பா 1998 வரை இருந்தார்.

அந்தக் காதல் பாட்டுகள் சில, அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொகுப்புகளில் வெளிவந்தன. பிற்காலக் குரலில் பாடிய ஏழும் ஒன்றாகச் சேர்ந்து ‘வல்னரபிள்’ என்ற ஆல்பமாக வந்தது 1997-இல். அவர் இறந்து 13 வருடம் கழித்து, ஆர்கெஸ்ட்ரா வாசித்து ஏறத்தாழ 30 வருடம் கழித்து. ஏழு பாட்டுகளுக்குப் பிறகு, அவற்றில் மூன்றை அவர் வேறு விதமாகப் பாடிய பதிவுகளும் தட்டின் கடைசியில் இருக்கின்றன. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவில்லாத அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து, ‘ஐ விஷ் ஐ டிட்ன்ட் லவ் யூ ஸோ’ என்ற பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்து, 1965-இல் நாட் கிங் கோலுக்காக அவர் பாடிய அஞ்சலி ஆல்பத்திலிருந்து ஏதாவது ஒன்று.